உருளையின் கழுத்துப் பட்டை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

உன் வாயாடித் தங்கை எழுதுகிறேன். தையல் மெஷின் ஓடுகிறது, நானும் அதோடு ஓடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காதைப் பற்றி விசாரிக்கவில்லை. அது தேறியிருந்தால் நீ போனிலேயே பேசியிருப்பாய்.

உன் பிள்ளை போன மாதம் எனக்கு ஒரு பெட்டி அனுப்பினான். அவன் கம்பெனியில் புதிதாகப் போட்டிருக்கிற உண்ணிப் பட்டையாம். நாயின் கழுத்தில் வார் மாதிரி மாட்டிவிட்டால் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் கிட்டவே வராதாம். நல்ல நீல நிறம். திறந்தவுடன் சோப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. உள்ளே ஒரு சீட்டு: "அத்தை, உருளைக்கு ஒரு வருஷத்துக்குக் காணும். இப்படிக்கு, உங்கள் தடியன்." என்ன இருந்தாலும் என் கையில் வளர்ந்த பிள்ளை.

சொன்னபடியே உண்ணி ஓடிவிட்டது. உருளையும் பழையபடி என் தலையணையிலேயே தலை வைத்துப் படுக்கிறான். முகத்தோடு முகம் வைத்துத்தான் இரண்டு பேரும் தூங்குகிறோம். ஆனால் கொஞ்ச நாளாக அவனுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது. எனக்குக் கண்ணில் நீர் ஒழுகுகிறது. நாயும் எசமானியும் போட்டி போட்டுக்கொண்டு ஒழுகுகிறோம்.

வெளிச்சம்தான் போதவில்லை. பட்டப் பகலில் இரண்டு விளக்கைப் போட்டாலும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. அடுத்த வீட்டு நர்ஸம்மா, "உனக்கு வயசாச்சுடி, ஒத்துக்கோ" என்றாள். "உனக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட. முதல்ல நீ ஒத்துக்கோ, அப்புறம் நான் யோசிக்கிறேன்" என்றேன். வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதிலைக் கிழித்துக் கிழித்து எழுதாமல் ஒரே மூச்சில் எழுது.

உன்,
வாயாடி


ஜனவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வழக்கம்போல் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீ கிழிக்காமல் எழுதச் சொன்னாய். இது மூன்றாவது தாள். மன்னித்துக்கொள்.

உன் கண்ணைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணில் நீர் வடிவது எப்போது தொடங்கியது? உருளைக்கு எச்சில் ஒழுகியது அதற்கு முன்பா, பின்பா? தயவுசெய்து யோசித்து எழுது. பாடப்புத்தக அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த காலத்தில் ஒன்று கண்டிருக்கிறேன். ஒரே பிழை இரண்டு இடத்தில் வந்தால் அது அச்சுக் கோப்பவரின் கைத்தவறு அல்ல. மூலப் பிரதியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். நாய் ஒரு இடம், நீ ஒரு இடம். ஆனால் நீங்கள் அச்சுப் பக்கங்கள் அல்ல. ஆகவே நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

கண் டாக்டரைப் பார். பையனுக்கும் ஒரு வரி எழுதிக் கேட்கிறேன். நீ எதற்கும் பயப்படாதே. நான் பயப்படுவதும் உனக்குப் புதிதல்ல.

என்றும் அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். அவள் மாடிப்படி அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்.

நீ விற்பனைப் பிரிவில் இருப்பவன். இதைக் கேட்பதற்கு எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அத்தைக்கு அனுப்பிய உண்ணிப் பட்டையில் என்ன மருந்து இருக்கிறது?

எங்கள் தெருவில் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்று இருக்கிறது. உங்கள் கம்பெனிப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மருந்தின் பெயர் மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. சதவீதமும் மிகச் சிறியது. அதற்குக் கீழே "இதர பொருட்கள்" என்று ஒரே வரி. மிச்சம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்த இதரத்தில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் இல்லை. நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், "பெரியவரே, வாங்கப் போறீங்களா, இல்ல பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அத்தைக்குக் கண்ணில் நீர் வடிகிறது. நாய்க்கு எச்சில் ஒழுகுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீ எழுதினால் போதும், நான் நிம்மதி அடைவேன்.

ஆசிகளுடன்,
அப்பா


பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இவளுக்கு ஏழாம் மாதம். நன்றாக இருக்கிறாள். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் வேலை அல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

சம்பந்தம் இல்லை என்று என்னால் எழுத முடியாது.

அத்தைக்கு அனுப்பும்போது எனக்கு ஒன்றும் தெரியாது, அதை மட்டும் நம்புங்கள். அதற்குப் பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. எச்சில், நடுக்கம், வலிப்பு. ஒரு வீட்டில் பூனை செத்துவிட்டது. மேலாளர் எங்களைக் கூட்டி வைத்து, "பூனைக்குப் பூனைப் பட்டை, நாய்க்கு நாய்ப் பட்டை. மாத்திப் போட்டுட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். நாய்ப் பட்டை போட்ட நாய்க்கே வலிப்பு வருகிறதே என்று ஒருவன் கேட்டான். "ஏம்ப்பா, நாய்தானே மாட்டுது, நாமளா மாட்டிக்கப் போறோம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வயலில் அடிக்கிற பூச்சிமருந்தின் இனம்தான் அது. பூச்சியின் நரம்பைப் பிடிக்கும். நாய்க்கும் நரம்பு இருக்கிறது, மனிதனுக்கும் இருக்கிறது. பெட்டியில் அச்சடித்த அளவைவிடப் பட்டையில் அதிகம் இருக்கிறது என்று ஆய்வகத்தில் ஒரு பெண் சொன்னாள். மறுவாரம் அவளை வேறு பிரிவுக்குத் தூக்கிவிட்டார்கள். வாசனைக்காகப் போடுகிறது என்னவென்று எங்களுக்கே சொல்வதில்லை. பட்டையைப் பெட்டியில் அடைக்கிறவர்கள் கையுறை இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

அத்தையை உடனே கழற்றச் சொல்லுங்கள். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டாம் அப்பா. அத்தைக்குத் தெரிந்தால் துணி தைக்கக் கொடுக்கிற எல்லோருக்கும் தெரியும். யார் சொன்னது என்று விசாரித்தால் என் பெயர்தான் வரும். இந்த நேரத்தில் வேலை போனால் நான் என்ன செய்வேன்? நானே சொல்லலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். அத்தை குரலைக் கேட்டால் உளறிவிடுவேன். நீங்கள் பக்குவமாக எழுதுவீர்கள். இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள்,
மகன்


பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் சுகத்தை முதலில் எழுது. டாக்டரிடம் போனாயா?

ஒரு சிறு விஷயம். பையன் எழுதியிருந்தான். அந்தப் பட்டையால் சில நாய்களுக்குக் கழுத்தில் முடி கொட்டுகிறதாம். நம் உருளைக்கு அப்படி ஆக வேண்டாம். ஆகவே கழற்றிவிடு. பெட்டியில் மீதி இருப்பதையும் அவனுக்கு மாட்டாதே. கழற்றியவுடன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள், வாசனை ஒட்டிக்கொள்ளும். தலையணை உறையையும் துவைத்துவிடு. இதற்காக நீ மனசை அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்திருக்கிறது. என் அறையில் அலமாரியை ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணா,

உன் வாயாடி உயிரோடுதான் இருக்கிறாள். பள்ளிச் சீருடை வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது, அதனால்தான் தாமதம். உனக்கு இருமல் ஒன்றும் இல்லையே?

கழற்றிவிட்டேன். அவனிடம் இருக்கிற ஒரே அழகு அந்த முடிதான், அதுவும் போனால் யார் பார்ப்பார்கள்? நீ நம்பமாட்டாய், மறுவாரமே எச்சில் நின்றுவிட்டது. இப்போது மெஷின் மிதியடியைக் கடித்துக்கொண்டு குதிக்கிறான்.

பிள்ளை ஆசையாக அனுப்பியதை வீணாக்கிவிட்டேன் என்று அவன் நினைக்கப் போகிறான். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை என்று சொல். என் பின் குஷன் இருந்ததே, குண்டூசி குத்தி வைக்கிற பழைய சிவப்புக் குஷன், அதற்குள் அந்துப்பூச்சி புகுந்து உள்ளே இருந்த கம்பளியைத் தவிடாக்கிவிட்டது. பெரிய கத்தரியை எடுத்துப் பட்டைகளைப் பொடிப் பொடியாக நறுக்கினேன். புதுத் துணியில் ஒரு குஷன் தைத்து அதற்குள் திணித்துவிட்டேன். நாய்க்குத்தானே முடி கொட்டும், குஷனுக்கு ஏது முடி? குண்டூசி கச்சிதமாக நிற்கிறது. பூச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன் தங்கையின் மூளையைப் பார்த்தாயா?

காலையில் உட்கார்ந்தால் வாயில் வரிசையாகக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு மடிப்புப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். "உன் வாயில ஊசி இருக்கிற நேரம்தான் இந்தத் தெருவுக்கு நல்ல நேரம்" என்கிறாள் நர்ஸம்மா. குண்டூசியில்கூட அந்தச் சோப்பு வாசனை வருகிறது.

வயிறுதான் கொஞ்ச நாளாகப் புரட்டுகிறது. விரலும் லேசாக ஆடுகிறது. இந்தக் கடிதத்தில் என் எழுத்து கோணலாக இருந்தால் திருத்திக்கொள், உன் தொழில்தானே. கண் டாக்டர் கண்ணில் கோளாறு இல்லை என்றார்.

உன்,
வாயாடி


மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? உண்மையாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. அந்தப் பின் குஷனை உடனே தூக்கிப் போட்டுவிடு. அந்தக் குண்டூசிகளை வாயில் வைக்காதே. குண்டூசிகளையும் சேர்த்தே போட்டுவிடு. பட்டையின் வாடை நல்லதல்ல. துணியில் ஏறினால் போகாது, வாடிக்கையாளர்கள் குறை சொல்வார்கள். உன் வயிற்றுப் புரட்டலுக்கும் அந்த வாடையே காரணமாக இருக்கலாம். வேறு ஏதாவது பஞ்சை வைத்துப் புதிதாகத் தைத்துக்கொள்.

செய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. அஞ்சலட்டை போதும். அது வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 24

தங்கைக்கு,

எட்டாம் தேதி எழுதியதற்குப் பதில் இல்லை. கீழ்வீட்டுக்காரரைக் கெஞ்சி உனக்குப் போன் செய்யச் சொன்னேன். "மணி அடிச்சுக்கிட்டே இருக்குது சார், யாரும் எடுக்கல. வெளியூர் போயிருப்பாங்க" என்றார். நீ எங்கே போவாய்? உருளையை விட்டுவிட்டு நீ கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டாய்.

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உறையின் மேல், "யார் கையில் கிடைத்தாலும் பிரித்துப் படிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தபால் அலுவலகத்தில் இருந்த பெண், "அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க ஐயா" என்றாள். எழுதத்தான் போகிறேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நானும்தான் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பட்டையில் இருப்பது விஷம். வாடை அல்ல, விஷம். வயலில் பூச்சிக்கு அடிக்கிற இனம், நரம்பைப் பிடிப்பது. கண்ணில் நீர், வயிற்றுப் புரட்டல், விரல் நடுக்கம், வெளிச்சம் போதாதது, எல்லாம் அதனால்தான். நீ அதைக் குஷனில் திணித்து, குஷனில் குத்திய குண்டூசியை நாள் முழுக்க வாயில் வைத்திருக்கிறாய். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், என் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். புதிய பின் குஷனைக் கையுறை போட்டு எடுத்துக் கட்டி வையுங்கள். நாய் அதை வாயில் கவ்விவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கே இப்போதுதான் இது தெரிய வந்தது.

அண்ணன்


ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

நான் உங்கள் தங்கையின் அடுத்த வீட்டுக்காரி. எல்லோரும் நர்ஸம்மா என்று கூப்பிடுவார்கள். நீங்கள் திடமாக உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்க வேண்டும். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் இருக்கிறாள்.

போன மாதம் நடுவில் ஒரு காலை உருளை நிறுத்தாமல் குரைத்தான். என்னிடம் மாற்றுச் சாவி உண்டு. திறந்து பார்த்தால் மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கிறாள். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். "கண் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. பூச்சிமருந்து ஏதாவது குடிச்சாங்களா? வீட்ல சண்டையா?" என்றார். "இவகூடச் சண்டை போட வீட்ல ஒரு நாய்தான் டாக்டர் இருக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விஷத்துக்கு மாற்று ஊசி போட்டார். தெளிந்தாள். குடிக்கவே இல்லை என்று அவள் சத்தியம் செய்ததை ஒருவரும் நம்பவில்லை.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. தெளிந்தவுடனே, "கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்டி, அந்தச் சீருடையைக் கொண்டா" என்று நச்சரித்தாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். துணி, நூல், அந்தப் பின் குஷன். கட்டிலில் சாய்ந்துகொண்டு வாயில் குண்டூசியோடு மடிப்புப் பிடித்தாள். அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த நாளே மறுபடி விழுந்தாள். இந்த முறை மூச்சே நின்றுபோய்க் குழாய் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மறுபடியும் பூச்சிமருந்து உள்ள போயிருக்கு. வந்து போறது நீங்க ஒருத்தர்தான். என்ன கொண்டுவந்து குடுத்தீங்க?" என்றார். ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரியில் உழைத்தவளைப் பார்த்துக் கேட்டார்.

உருளைக்குச் சோறு வைக்கப் போனபோது கதவடியில் உங்கள் உறை கிடந்தது. சிவப்பு மையைப் பார்த்துப் பிரித்தேன். ஓடிய ஓட்டத்தில் செருப்பு எங்கே விழுந்தது என்றே தெரியாது. டாக்டர் படித்துவிட்டு, "இது முன்னமே தெரிஞ்சிருந்தா ரெண்டாவது தடவை விழுந்திருக்கவே மாட்டாங்களே" என்றார்.

உங்கள் முந்தைய கடிதமும் மெஷின் மேசையில் இருந்தது. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். "அண்ணனுக்குத் தபால்லயே வாடை அடிக்குது பாரேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள். பேசுகிறாள், மெதுவாக. கைதான் இன்னும் நடுங்குகிறது. நிற்குமா என்று கேட்டால் டாக்டர் கூரையைப் பார்க்கிறார். உருளை என் வீட்டில் இருக்கிறான். குஷனைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நர்ஸம்மா


மே 12

அண்ணா,

இது என் கை. பார்த்தால் கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. நீ நலமா? தூங்குகிறாயா?

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நர்ஸம்மா ஊட்டிவிடுகிறாள். "வாயைத் திற, ஊசி இல்ல, சோறுதான்" என்று தினமும் ஒரே கேலி. உருளை என் தலையணையில் படுக்க வருகிறான். ஏதோ ஒரு பயம், கீழே இறக்கிவிடுகிறேன். அவனுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

மெஷினுக்கு உறை போட்டாயிற்று. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சீருடைக்காரர்கள் மிச்சத் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும்.

உன் பிள்ளை வந்திருந்தான். என் காலடியில் உட்கார்ந்து அழுதான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தைக்கூடச் சொல்ல மறந்துவிட்டான். நான்தான் கேட்டேன். "எப்ப தெரியும்டா உனக்கு?" என்றும் கேட்டேன். "அப்பாகிட்ட கேளுங்க அத்தை" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

படுத்துக்கொண்டே உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். முடி கொட்டும் என்று எழுதினாய். பிறகு வாடை என்று எழுதினாய். பிறகு விஷம் என்று எழுதி, இப்போதுதான் தெரிய வந்தது என்று முடித்திருந்தாய். நீ அப்படித்தான், எதையும் நிச்சயம் ஆகாமல் சொல்ல மாட்டாய். முடி கொட்டும் என்று எழுதியபோது உனக்குத் தெரிந்தது அவ்வளவுதானே? ஆமாம் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு அண்ணா. நான் அதை நம்பிவிடுவேன். பிறகு இதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம்.

உன் தங்கை


மே 19

அன்புள்ள தங்கைக்கு,

நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்ற வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. உன் எழுத்தில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

ஆமாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உறையில் வைத்து ஒட்டியும்விட்டேன். தபால் பெட்டிவரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அது இப்போது அடுப்பில் எரிந்துவிட்டது. இது வேறு கடிதம்.

எனக்குத் தெரியும். முடி கொட்டும் என்று நான் எழுதிய அன்றே, அது நரம்பைப் பிடிக்கிற விஷம் என்று எனக்குத் தெரியும். பையன் எல்லாவற்றையும் எழுதியிருந்தான். காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தான். ஆனால் கேட்டவன் அவன், எழுதியவன் நான். முடி என்ற பொய்யை அவன் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். அதை எழுதி முடித்ததும் யாருக்கும் நோகாமல் முடித்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. விஷம் என்று எழுதியிருந்தால் நீ அதை நறுக்கியிருக்க மாட்டாய்.

குஷனைப் பற்றி உன் கடிதம் வந்த மறுநாள் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அப்போதும் வாடை என்றுதான் எழுத வந்தது. கடைசிக் கடிதத்தில் விஷம் என்று எழுதிய பேனாவே, இப்போதுதான் தெரிய வந்தது என்றும் எழுதியது. அச்சகத்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு முடிவை வேறு ஒருவரிடம் தள்ளிவிடுவேன். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இருப்பது போல் நடித்தேன்.

மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, என் பெயரையும் முகவரியையும் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் பையனை வரவழைத்துப் படித்துக் காட்டினேன். கத்துவான் என்று நினைத்தேன். "அப்பா, நீங்களா இதை எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டான். பிறகு ஆய்வகத்துப் பெண்ணின் பெயரைச் சேர்க்க வேண்டாம், தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான். சேர்த்தேன். அவனுக்கு வேலை இருக்குமா என்பது அடுத்த மாதம் தெரியும். குழந்தை அவன் ஜாடை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். அதைக் கேட்பதும் உன் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவதுதான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். இத்தனை தூரம் நான் தனியாக வந்ததில்லை என்று உனக்குத் தெரியும். வழியில் இறங்க வேண்டிய இடத்தைத் தாளில் பெரிதாக எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். நடத்துனர் சொல்வது காதில் விழாவிட்டால் அதைக் காட்டுவேன். மதியத்துக்கு மேல் உன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், விளக்குக் கம்பத்தடியில் நிற்பேன். கதவைத் திறக்க வேண்டாம். பேசவும் வேண்டாம், எப்படியும் எனக்குக் கேட்காது. ஜன்னலுக்கு வந்து, கையை மட்டும் ஒரு தரம் நீட்டிக் காட்டு. எவ்வளவு நடுங்குகிறது என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுகிறேன்.

அண்ணன்